எந்தப் பட்டையில் யார் குடியிருக்கிறார்கள்: ஏழு கிலோமீட்டர் இணைப்புக்கு ஒரு தேர்வு

தேனி மாவட்டத்தில் ஒரு கல்வி அறக்கட்டளை, தன் கல்லூரியிலிருந்து நேர்கோட்டில் ஏழு கிலோமீட்டர் தொலைவில், மலையடிவாரத்தில் புதிதாக ஒரு வளாகம் கட்டியிருக்கிறது. இரண்டு இடங்களுக்கும் இடையே வினாடிக்கு 200 மெகாபிட் செல்லக்கூடிய இணைப்பு அவர்களுக்கு வேண்டும். கண்ணாடி இழைக் கம்பி ஏற்கெனவே சாலையோரமாகப் போகிறது. ஆனால் அந்தச் சாலையை அகலப்படுத்தும் வேலை நடப்பதால் மாதத்துக்கு ஒருமுறையாவது ஜேசிபி அதை அறுத்துவிடுகிறது. ஆள் வந்து ஒட்டவைக்க இரண்டு நாள் ஆகிறது. ஆகவே மாடிக்கு மாடி டிஷ் வைத்து மைக்ரோவேவ் இணைப்பு ஒன்றைத் துணைக்கு அமைத்துக்கொள்வதென்று தீர்மானித்துவிட்டு, அதை எந்த அதிர்வெண் பட்டையில் அமைப்பது என்று என்னிடம் கேட்டார்கள். அவர்களுக்கு எழுதிக்கொடுத்த அறிக்கையை விரித்து எழுதியதே இக்கட்டுரை.

இந்தக் கேள்விக்குக் கருவி விற்பவர்கள் வேகத்தையும் விலையையும் வைத்துப் பதில் சொல்வார்கள். வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர் அறைகளை எண்ணுவதற்கு முன்பே அக்கம்பக்கம் எப்படி என்று விசாரிப்பது வழக்கம். பட்டையைத் தேர்ந்தெடுப்பதற்கும் அதுவே சரியான முறை என்பது என் அனுபவம். இந்தப் பட்டையில் முன்பு யார் இருந்தார்கள், ஏன் கிளம்பினார்கள், இப்போது யார் இருக்கிறார்கள், அடுத்து யார் வரப்போகிறார்கள் என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை தெரிந்துவிட்டால், வேகமும் விலையும் பெரும்பாலும் தாமாகவே வரிசைக்கு வந்துவிடும்.

பட்டைகளின் எழுத்துப் பெயர்கள் குழப்பம் தரும் என்பதால் அவற்றை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. எல், எஸ், சி, எக்ஸ், கே என்பவை இரண்டாம் உலகப்போரின்போது ரேடார் செய்தவர்கள் எதிரிக்குப் புரியாதிருக்க வைத்துக்கொண்ட மறைபெயர்கள். போர் முடிந்த பிறகும் அவை பழக்கத்தில் நின்றுவிட்டன, 1976இல் மின்பொறியாளர்களின் ஐ.இ.இ.இ. அமைப்பு அவற்றையே தரமாக வெளியிட்டது. எஸ் என்றால் 2 முதல் 4 கிகாஹெர்ட்ஸ், சி என்றால் 4 முதல் 8, எக்ஸ் என்றால் 8 முதல் 12. அதற்கு மேலே கே என்று ஒரே பட்டையாக இருந்தது பின்னர் மூன்றாக உடைந்ததற்குக் காரணம் நீராவி. போரின் இறுதிக்கட்டத்தில் 24 கிகாஹெர்ட்ஸ் அருகே, 1.25 சென்டிமீட்டர் அலைநீளத்தில் ரேடார் செய்தார்கள். காற்றிலுள்ள நீராவி 22.2 கிகாஹெர்ட்ஸை ஒட்டி அலையை விழுங்கும் என்பது பிறகுதான் உறைத்தது. ஈரக்காற்றில் அந்த ரேடார்களின் பார்வை மங்கிப்போனது. அதற்குக் கீழே ஒதுங்கியவர்களின் இடம் கே.யூ. ஆனது, மேலே ஒதுங்கியவர்களின் இடம் கே.ஏ. ஆனது. இன்று நம் வீட்டு மாடியில் இருக்கும் டி.டி.எச். டிஷ், அன்று நீராவிக்கு அஞ்சி ஒதுங்கியவர்களின் பட்டையில்தான் வேலை செய்கிறது.

2.4 கிகாஹெர்ட்ஸ்: எல்லாரும் வந்துவிட்ட தெரு

அறக்கட்டளையின் கணக்காளர் முதலில் கேட்டது இதைத்தான்: வைஃபை கருவியையே பெரிய ஆன்டெனாவோடு வைத்தால் போதாதா என்று. கேள்வி நியாயமானது, ஏனென்றால் அதே தேனியில் அது ஒருகாலத்தில் நடந்தே இருக்கிறது. 2006ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்து ஆய்வுக் குழுவினர், தேனி அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்றுவட்டாரத்திலுள்ள அதன் பார்வை மையங்களையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை கருவிகளைக்கொண்டே இணைத்தார்கள். கிராமத்து மையத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளியின் கண்ணை, தேனியிலிருக்கும் மருத்துவர் வீடியோவில் பார்த்து ஆலோசனை சொன்னார். வைஃபை வீட்டுக்குள் சில பத்து மீட்டர் தூரத்துக்காக உருவான முறை. அனுப்பிய ஒவ்வொரு தகவல் பொட்டலத்துக்கும் பதில் வரக் காத்திருக்கும், பதில் தாமதித்தால் தொலைந்துவிட்டது என்று எண்ணி மீண்டும் அனுப்பும். பல கிலோமீட்டர் தூரத்தில் இந்தக் காத்திருப்பே வேகத்தைத் தின்றுவிடும் என்பதால், இரு முனைகளும் முறைவைத்துப் பேசும்படி மென்பொருளை அவர்கள் மாற்றி எழுதினார்கள். அவர்களுக்குப் பெரிய தலைவலியாக முடிந்தது அலைகூட அல்ல, ஏறி இறங்கும் மின்சாரம்தான் என்பதைப் பிற்பாடு அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

அது வெற்றி பெற்றதற்கு மென்பொருள் ஒரு காரணம் என்றால், அக்கம்பக்கத்தில் ஆளே இல்லாதது இன்னொரு காரணம். அன்று கிராமங்களில் வைஃபை வைத்திருந்தவர்கள் அரிது. இன்று அதே கிராமத்தில் வீட்டுக்கு வீடு மோடம் இருக்கிறது, ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் புளூடூத் இருக்கிறது, கண்காணிப்புக் கேமராவும் திருமண வீட்டு ட்ரோனும் அதே இடத்தில்தான் பேசுகின்றன. அன்று ஓடியதே என்று சொல்லி இன்று அதையே அமைப்பது, பழைய முகவரியைக் கையில் வைத்துக்கொண்டு இடித்துக் கட்டப்பட்ட தெருவில் வீடு தேடுவதற்கு ஒப்பாகும்.

இந்தத் தெரு இப்படி ஆனதற்கு ஒரு வரலாறு உண்டு. 1940 பிப்ரவரியில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் ராண்டலும் ஹாரி பூட்டும் உருவாக்கிய குழிவு மேக்னட்ரான்தான் பத்து சென்டிமீட்டர் ரேடாரைச் சாத்தியமாக்கியது. போர் முடிந்ததும் அந்த மேக்னட்ரான் சமையலறைக்குள் புகுந்தது. ரேதியான் நிறுவனத்தின் பெர்சி ஸ்பென்சர் 1945இல் அதை வைத்து உணவைச் சூடாக்கலாம் என்று கண்டார். 1947இல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய உலக வானொலி மாநாடு, தொழில், மருத்துவம், அறிவியல் ஆகியவற்றுக்கான கருவிகளுக்கென 2.45 கிகாஹெர்ட்ஸை ஒட்டி ஓர் இடம் ஒதுக்கியது. அங்கே தகவல் தொடர்புக்கு வருகிறவர்கள் அடுப்பின் இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளவேண்டும் என்பதே ஏற்பாடு. இரைச்சல் உறுதி என்பதால் அந்த இடத்தை விரும்பிக் கேட்பார் இல்லை. கேட்பார் இல்லாத காரணத்தாலேயே 1985இல் அமெரிக்காவும் 2005இல் இந்தியாவும் அதை உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிட்டன. குப்பை கொட்டும் புறம்போக்காக இருந்த இடம் பின்னர் கடைவீதியானதைப்போல, உலகம் முழுவதன் வைஃபையும் அங்கேயே வந்து குவிந்தது.

அடுப்பின் தொல்லை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியைச் சொல்லவேண்டும். 64 மீட்டர் விட்டமுள்ள அந்த டிஷ்ஷில் 1998 முதல் அவ்வப்போது விளங்காத துடிப்புகள் பதிவாயின. விண்ணின் தொலைவிலிருந்து வரும் துடிப்புகளைப்போலவே அவை தோற்றம் காட்டின. 2015இல்தான் உண்மை தெரிந்தது: ஓடிக்கொண்டிருக்கும் மைக்ரோவேவ் அடுப்பு நிற்பதற்கு முன்பே யாரோ அவசரமாகக் கதவைத் திறக்கும்போது, மேக்னட்ரான் அணையும் அந்தக் கணத்தில் கசிந்த அலைகளே அவை. மதிய உணவு நேரத்தை விசாரித்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். நம் கல்லூரியில் கேன்டீன் இருப்பது, டிஷ் வைக்கவேண்டிய அதே கட்டடத்தின் மேல்தளத்தில்.

இதே எஸ் பட்டையில் மரியாதைக்குரிய குடித்தனக்காரர்களும் உண்டு. சென்னைத் துறைமுகத்தில் 2002 முதல் இயங்கும் டாப்ளர் வானிலை ரேடார் எஸ் பட்டையைச் சேர்ந்தது; கனமழைக்கு ஊடாகவும் அதற்கு அப்பாலுள்ள புயலைப் பார்க்கப் பத்து சென்டிமீட்டர் அலையே ஏற்றது என்பதால் புயல் வரும் கரைகளில் அதை விரும்பித் தேர்கிறார்கள். இந்தியாவின் வழிகாட்டும் செயற்கைக்கோள்களான நாவிக்கின் 2492 மெகாஹெர்ட்ஸ் சமிக்ஞை வைஃபைக்கு அடுத்த வாசலிலேயே இருக்கிறது. அவர்களுடைய இடங்கள் வேலி போட்டவை. நமக்குக் கிடைப்பது வேலியில்லாத நடுத்துண்டு மட்டுமே, அதுவும் 83.5 மெகாஹெர்ட்ஸ். ஒன்றோடொன்று மோதாமல் மூன்று வைஃபை சேனல்கள்தாம் அதற்குள் அடங்கும். இந்தத் தெருவை நான் முதல் பார்வையிலேயே விலக்கிவிட்டேன்.

5 கிகாஹெர்ட்ஸ்: வீட்டுக்காரர் ரேடார்

உரிமம் தேவையில்லாத அடுத்த இடம் இது. 2018 அக்டோபரில் வந்த அறிவிக்கையின்படி இந்தியாவில் 5150 முதல் 5350 வரையும், 5470 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரையும் உரிமமின்றிப் பயன்படுத்தலாம். மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ். 2.4இன் ஏழு மடங்குக்கும் மேல். நாற்பது மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு சேனல் கிடைத்தாலே நம் 200 மெகாபிட்டுக்குப் போதும் என்பதால், இங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை என்றே முதலில் தோன்றும்.

ஆனால் இந்த வீட்டில் பாதிக்கு மேல் ரேடார்காரர்கள் வெகுகாலமாகக் குடியிருக்கிறார்கள், சட்டப்படி முதல் உரிமையும் அவர்களுடையதே. ஐந்து சென்டிமீட்டர் அலையில் இயங்கும் சி பட்டை வானிலை ரேடார்கள் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் பெரும்பான்மை. நமக்குத் தெற்கே கேரளத்தின் தும்பாவிலும் ஒன்று இயங்குகிறது. விமான நிலையங்களை ஒட்டித் திடீர்க் காற்றைக் கண்டறிய அமெரிக்கா வைத்திருக்கும் ரேடார்கள் 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸில் உள்ளன. 2009இல் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் விமான நிலைய ரேடார் திரையில், மழையே இல்லாத திசைகளில் சக்கரத்தின் ஆரக்கால்போலக் கோடுகள் விழுந்தன. மாடிகளில் இணைய சேவைக்காக வைக்கப்பட்டிருந்த 5 கிகாஹெர்ட்ஸ் கருவிகள்தாம் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். இத்தகைய மோதலைத் தவிர்க்க இந்தப் பகுதியில் இயங்கும் கருவிக்கு ஒரு நிபந்தனை உண்டு: பேசத் தொடங்குமுன் குறைந்தது ஒரு நிமிடம் செவிசாய்க்கவேண்டும், ரேடாரின் துடிப்பு கேட்டால் உடனே வேறு சேனலுக்கு விலகிப்போகவேண்டும்.

இந்த நிபந்தனையின் நடைமுறை விலை என்ன என்பதைப் பல்லடம் பக்கம் ஓர் ஆலைக்கு அமைத்த இணைப்பில் நான் கற்றுக்கொண்டேன். இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் இணைப்பு ஒரு நிமிடம் அறுந்து தானே மீளும். பதிவேட்டில் ஒவ்வொரு தடவையும் 'ரேடார் கண்டறியப்பட்டது' என்று எழுதியிருந்தது. சுற்றுவட்டாரத்தில் ரேடார் எதுவும் இல்லை. பக்கத்துக் கோபுரத்தில் எவரோ வைத்த கருவி ஒழுங்கற்ற இடைவெளியில் அனுப்பிய துடிப்புகளை எங்கள் கருவி ரேடார் என்று நம்பி, விதிக்குக் கட்டுப்பட்டு வாயை மூடிக்கொண்டது. ஒரு நிமிடம்தானே என்று தோன்றலாம்; அந்த ஒரு நிமிடத்தில் நெசவுப் பிரிவின் கணக்குச் சர்வர் ஒவ்வொரு இரவும் தன் நகலெடுப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் தொடக்கத்திலிருந்து ஆரம்பித்துக்கொண்டிருந்தது.

ஆகவே 5 கிகாஹெர்ட்ஸில் நமக்கு உகந்தது மேல்மூலை, அதாவது 5725க்கும் 5875க்கும் இடையிலுள்ள 150 மெகாஹெர்ட்ஸ். அங்கே ரேடாருக்குச் செவிசாய்க்கும் தொல்லை பெரிதாக இல்லை. குறை என்னவென்றால், இது மற்றவர்களுக்கும் தெரியும். கிராமங்களுக்கு இணையம் விற்கும் சிறு நிறுவனங்கள், கேபிள் டி.வி. நடத்தி இணையத்துக்கு மாறியவர்கள் எல்லாரும் தங்கள் கோபுரங்களில் திருப்பிவைத்திருப்பது இந்த மூலையைத்தான்.

6, 7 கிகாஹெர்ட்ஸ்: போனவர்களும் திரும்பி வந்தவர்களும்

மைக்ரோவேவின் வரலாற்றில் மிகுந்த கண்ணியம் உள்ள பகுதி இது என்று நினைக்கிறேன். 1951இல் அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை 107 நிலையங்களைக் கோத்து 4 கிகாஹெர்ட்ஸில் ஒரு பாதை அமைத்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஜப்பானுடனான அமைதி மாநாட்டில் அதிபர் ட்ரூமன் ஆற்றிய உரை அதன் வழியே கரையிலிருந்து கரைக்குத் தொலைக்காட்சியில் போனது. பின்னர் நெரிசல் கூடியபோது 6 கிகாஹெர்ட்ஸும் சேர்ந்தது. 1962இல் டெல்ஸ்டார் செயற்கைக்கோள் வந்தபோது, மேலே அனுப்ப 6, கீழே வாங்க 4 என்று இதே இரு பட்டைகளைப் பகிர்ந்துகொண்டது; தரைக்கோபுரங்களும் விண்கலங்களும் ஒரே பட்டையில் ஒன்றையொன்று பாராமல் வாழக் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

நம் நாட்டில் ரயில்வே தன் சொந்தத் தொலைபேசிக்கு 7 கிகாஹெர்ட்ஸ் பாதைகளை வைத்திருந்தது. பழைய சந்திப்பு நிலையங்களை ஒட்டி இன்றும் நிற்கும் உயரமான இரும்புக் கோபுரங்கள் அந்தக் காலத்தவை. பிறகு தண்டவாளத்தை ஒட்டிக் கண்ணாடி இழை போடப்பட்டது. 2000இல் ரயில்வேயின் தொலைத்தொடர்பு நிறுவனமான ரெயில்டெல் தொடங்கப்பட்ட பின் அந்த டிஷ்களுக்கு வேலை குறைந்தது. அமெரிக்காவிலும் அதே கதைதான், 1980களில் இழை வந்ததும் கோபுரங்கள் ஓய்ந்தன.

ஓய்ந்தவை 2010க்குப் பிறகு அங்கே விழித்துக்கொண்டதுதான் வேடிக்கை. கண்ணாடிக்குள் ஒளியின் வேகம் காற்றில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். சிகாகோ சந்தையில் விலை அசைந்ததை நியூஜெர்சிக்குச் சொல்லித் திரும்ப, சிறந்த இழைப் பாதைக்கே ஏறத்தாழ 13 மில்லிவினாடி ஆகும், மைக்ரோவேவில் எட்டரைதான். அந்த நாலரை மில்லிவினாடிக்காகப் பங்கு வணிக நிறுவனங்கள் 6, 11 கிகாஹெர்ட்ஸ் உரிமங்களை வாங்கி, கோபுரத்துக்குக் கோபுரம் டிஷ் ஏற்றின. பழசாகிப்போன பட்டை என்று எதையும் எழுதிவிட முடியாது என்பதற்கு இது சான்று.

மழையை இந்தப் பட்டை நன்றாகத் தாங்கும். மணிக்கு 100 மில்லிமீட்டர் வீதத்தில் கொட்டும் மழையில் 6 கிகாஹெர்ட்ஸ் அலை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1 டெசிபெல்தான் இழக்கும். அதே மழையில் 15 கிகாஹெர்ட்ஸ் எட்டு டெசிபெல், 23 கிகாஹெர்ட்ஸ் பதினான்கு, 80 கிகாஹெர்ட்ஸ் முப்பது இழக்கும். பத்து டெசிபெல் என்றால் பத்தில் ஒன்று, முப்பது என்றால் ஆயிரத்தில் ஒன்று மிஞ்சும் என்று கொள்ளவேண்டும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆயிரத்தில் ஒன்று.

இவ்வளவு நல்ல பட்டையை ஏன் பரிந்துரைக்கவில்லை என்றால், ஒரு கல்லூரிக்கு அது எட்டாது. இந்தியாவில் இது உரிமப் பட்டை. தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவில் விண்ணப்பித்து, கோபுரம் நிற்கும் இடத்துக்குத் தனி ஒப்புதல் வாங்கி, ஆண்டுதோறும் கட்டணம் கட்டவேண்டும். அலைபேசி நிறுவனங்கள் தங்கள் நீண்ட முதுகெலும்புப் பாதைகளுக்கு வைத்திருக்கும் இடம் அது. 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை உரிமமின்றித் திறக்க 2025 மே மாதம் வரைவு விதிகள் வந்ததைச் சுட்டிக்காட்டி, அறக்கட்டளையின் இளைஞர் ஒருவர் காத்திருக்கலாமா என்று கேட்டார். அந்த வரைவு சொல்வது வீட்டுக்குள் குறைந்த ஆற்றலில் இயங்கும் கருவிகளையும், வெளியே மிகமிகக் குறைந்த ஆற்றலில் இயங்குபவற்றையும் பற்றித்தான். ஏழு கிலோமீட்டர் டிஷ்ஷுக்கு அதில் இடமில்லை. மேலே நோக்கி அனுப்பும் செயற்கைக்கோள் நிலையங்கள் அங்கேதான் இருக்கின்றன என்பதால் இந்தத் தயக்கமும் இயல்பானதே.

அடுத்து யார் வருவார் என்ற கேள்வியின் கடுமையைச் சி பட்டையின் கீழ்ப்பகுதியில் குடியிருந்தவர்கள் அறிவார்கள். 1990களில் தமிழ்நாட்டு ஊர்களில் கேபிள் நடத்தியவர்கள் மாடியில் நிறுத்திய பெரிய வலை டிஷ்கள் 3.7 முதல் 4.2 கிகாஹெர்ட்ஸ் வரையில் கேட்டவை. 2022 ஏலத்தில் 3.3 முதல் 3.67 வரை 5ஜிக்கு விற்கப்பட்டது. விண்ணிலிருந்து வரும் மெல்லிய குரலைக் கேட்டுக்கொண்டிருந்தவரின் பக்கத்து வீட்டில் ஒலிபெருக்கி வைத்ததுபோல் ஆயிற்று. சமிக்ஞையை வாங்கும் கருவியின் முகப்பில் வடிகட்டி பொருத்தவேண்டிய செலவு அவர்கள் தலையில் வந்து விழுந்தது. அமெரிக்காவில் 3.7 முதல் 3.98 வரை விற்றபோது, 4.2க்கு மேலே இருக்கும் விமான உயரமானிகளுக்குக் கேடு வருமோ என்று 2022 ஜனவரியில் பெரும் சர்ச்சை எழுந்தது.

15 முதல் 23, பிறகு 80

நாம் அன்றாடம் கோபுரங்களில் காணும் வட்டமான சிறு வெள்ளை டிரம்கள் பெரும்பாலும் 15, 18, 21 கிகாஹெர்ட்ஸைச் சேர்ந்தவை. ஒரு செல்பேசிக் கோபுரத்தின் போக்குவரத்தை அடுத்த கோபுரத்துக்குக் கடத்துகின்றன. ஏழு கிலோமீட்டருக்கு 15 பொருத்தமானதே. உரிமம் வைத்திருக்கும் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் இணைப்பாக வாங்கினால் அக்கம்பக்கம் பற்றிய கவலை நம்முடையது அல்ல, அவர்களுடையது. மாத வாடகை மட்டும் கூடும். இதை இரண்டாம் தேர்வாக அறிக்கையில் வைத்தேன்.

80 கிகாஹெர்ட்ஸ் பற்றி என் கருத்து வேலையின் நடுவே மாறியது என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும். இந்த இ பட்டை என்பது 71 முதல் 76, 81 முதல் 86 என்ற இரு துண்டுகள். இடையில் விட்ட 76 முதல் 81 வரை கார்களின் முன்பக்க ரேடார்களுடையது. அமெரிக்கா இதை 2003இல் திறந்தது. ஆனால் மில்லிமீட்டர் அலையை முதன்முதலில் ஆண்டவர்களில் ஒருவர் நம்மவர்: 1890களில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் ஐந்து மில்லிமீட்டர் வரை, அதாவது 60 கிகாஹெர்ட்ஸ் வரை, அலைகளை உண்டாக்கி அளந்தார். அவருக்குப் பின் நீண்டகாலம் அந்த இடம் பெரும்பாலும் ஆய்வகங்களுக்கே உரியதாக இருந்தது.

மழைக் கணக்கைப் பார்த்ததும் இதை அடித்துவிட்டேன். பிறகு யோசித்தேன்: இந்த இணைப்பு வேண்டியிருப்பது இழை அறுந்த நேரத்தில். மழை நாளில் ஜேசிபி சாலை தோண்டுவதில்லை. ஆகவே இழையும் மைக்ரோவேவும் ஒரே நேரத்தில் போக வாய்ப்பு நான் முதலில் எண்ணியதைவிடக் குறைவு. அறுந்ததை ஒட்டவைக்கும் இரண்டு நாளில் ஐப்பசி மாதத்து மாலை மழை ஒன்று வரலாம். வந்தால் அரைமணி நேரம் இணைப்பு போகும். இணையவழித் தேர்வு நடக்கும் நாளாக இல்லாவிட்டால் அது பொறுக்கத்தக்கதே. அப்படியானால் 80ஐ விலக்க மழை மட்டும் போதாது. போதுமான காரணங்கள் வேறு இரண்டு உண்டு. 2022 ஏலத்தை ஒட்டி இ பட்டைச் சேனல்கள் அலைபேசி நிறுவனங்களுக்கே இடைக்கால அடிப்படையில் ஒதுக்கப்பட்டன. ஒரு கல்லூரி கடையில் வாங்கி மாட்டிவிட முடியாது. இரண்டாவது, காற்று. அறுபது சென்டிமீட்டர் டிஷ்ஷின் கதிர் 5.8 கிகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ ஆறு பாகை விரியும். 80இல் அரைப் பாகைக்கும் குறைவு. ஆடி மாதத்தில் கம்பம் கணவாய் வழியாக வந்து ஆண்டிப்பட்டிக் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று, மாடியில் நட்ட இரும்புக் குழாயை அரைப் பாகை அசைக்காது என்று நான் எழுதிக்கொடுக்கமாட்டேன். ஏழு கிலோமீட்டருக்கு அப்பால் அந்த அரைப் பாகை அறுபது மீட்டர்.

செயற்கைக்கோள் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 36,000 கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்வரும் வி.சாட் இணைப்பில் கேள்விக்கும் பதிலுக்கும் இடையே அரை வினாடி கடந்துவிடும். 1994இல் தேசியப் பங்குச் சந்தை நாடு முழுவதையும் அதன் வழியாக இணைத்தது அன்று வேறு வழி இல்லாததால். தாழ்ந்த சுற்றுப்பாதையில் இயங்கும் ஸ்டார்லிங்க் 2025 ஜூனில் இந்திய உரிமம் பெற்றது, அது கே.யூ. பட்டையில் வீட்டுக்கு வருகிறது. ஆனால் இரண்டு வளாகங்கள் ஒன்றுக்கொன்று தெரியும் தூரத்தில் இருக்கும்போது, பேச்சை விண்வெளிக்கு அனுப்பி வாங்குவது பக்கத்துத் தெருவுக்கு மதுரை சுற்றிப் போவதாகும்.

முடிவு செய்தது

மிஞ்சியது 5.8 கிகாஹெர்ட்ஸின் மேல்மூலை. அக்கம்பக்கம் விசாரிப்பது காகிதத்தில் முடிகிற வேலை அல்ல என்பதால், ஒரு டிஷ்ஷையும் அலைவீச்சைப் படம் வரையும் கருவியையும் தூக்கிக்கொண்டு இரு மாடிகளுக்கும் ஏறினேன். காலை ஏழு மணிக்கு 5725 முதல் 5875 வரை ஏறத்தாழ வெறுமையாக, மைனஸ் 95 டி.பி.எம்.இல் கிடந்தது (இந்த அளவு பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க அலை வலுவானது என்று பொருள்). அதைப் பார்த்துவிட்டு இறங்கியிருந்தால் தவறு செய்திருப்பேன். இரவு எட்டரைக்கு, ஊரே தொடர் பார்க்கும் நேரத்தில், 5745ஐயும் 5785ஐயும் ஒட்டி இரண்டு மேடுகள் எழுந்து நின்றன. ஒன்று மைனஸ் 78 வரை வந்தது. திசையைத் திருப்பிப் பார்த்ததில் அது மூன்று கிலோமீட்டரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மேலுள்ள கோபுரம் என்று தெரிந்தது. அங்கே இணையம் விற்பவர் சந்தாதாரர்களுக்காக ஊர்ப்பக்கம் திருப்பிவைத்திருந்தார். 5840ஐ மையமாகக் கொண்ட நாற்பது மெகாஹெர்ட்ஸ் மட்டும் இரவிலும் மைனஸ் 92க்கு மேலே வரவில்லை. அந்த இடத்தைத்தான் எழுதிக்கொடுத்தேன்.

மரங்கள் இன்னொரு விசாரணை. ஏழு கிலோமீட்டர் பாதையின் நடுவில், பார்வைக்கோட்டைச் சுற்றி அலைக்கு வேண்டிய இடத்தின் ஆரம் 5.8 கிகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ ஒன்பதரை மீட்டர். அதில் அறுபது சதவீதமாவது காலியாக இருக்கவேண்டும். 2.4 ஆக இருந்திருந்தால் ஆரம் பதினைந்து மீட்டரை நெருங்கும். வழியில் ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. மாடியில் நின்று பார்த்தால் மலையடிவார வளாகத்தின் தண்ணீர்த் தொட்டி, தோப்பின் தலைகளுக்கு மேலே தெளிவாகத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரிவது அலைக்குப் போதாது என்று விளக்கி, இரு பக்கமும் ஆறு மீட்டர் குழாய்க்குப் பதில் ஒன்பது மீட்டர் லேட்டிஸ் கம்பம், அதாவது இரும்புச் சட்டங்களைப் பின்னிய கம்பம், கேட்டேன். தோப்புக்காரர் ஒரு வரிசை மரங்களை அடுத்த ஆண்டு வெட்டி மறு நடவு செய்யப்போவதாகச் சொன்னார். தென்னங்கன்று உயர எடுக்கும் காலம் இந்தக் கருவியின் ஆயுளைவிட அதிகம் என்பதால் அது நமக்கு ஆதாயமே.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் மூன்று வரிகள் எழுதினேன். இணைப்பு 5840இல், நாற்பது மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், தானே சேனல் மாறும் வசதி அணைக்கப்பட்ட நிலையில். சந்தாக் கட்டும் இரண்டாம் வழியாக 15 கிகாஹெர்ட்ஸ் இணைப்புக்கு விலைப்புள்ளி வாங்கி வைத்துக்கொள்ளவேண்டும், இப்போது வாங்கவேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரவு எட்டரைக்கு மாடியேறி அதே படத்தை மீண்டும் எடுக்கவேண்டும். முதல் படத்தைத் தேதியிட்டு, கருவி அலமாரியின் கதவுக்கு உட்புறம் ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன். அதற்குப் பக்கத்தில் இன்னும் மூன்று படம் ஒட்டும் அளவுக்கு இடம் விட்டிருக்கிறேன்.